மடியில் முடிந்த பச்சரிசி

அழகம்மாவுக்குத் தன் வெள்ளைச் சேலையைப் பற்றி ஒரு கர்வம் உண்டு. கரங்கான் ஊரைத் தாண்டி நாலு மைல் செம்மண் சடக்கில் போனால்தான் பாலத்து ரப்பர்த் தோட்டம் வரும். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. அந்தத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் சட்டைகூட மதியத்துக்குள் பழுப்பேறிவிடும். இவள் சேலை மட்டும் காலையில் கட்டிய மாதிரியே மாலையிலும் இருக்கும். "மிஸி நடந்தா வர்றாங்க, பறந்தா வர்றாங்க?" என்று களையெடுக்கும் பெண்கள் கேலி பேசுவார்கள். கேலி காதில் விழுந்தாலும் விழாத மாதிரிப் போவாள். உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவள்தான் மருத்துவச்சி. கட்டியவன் ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் போனான், திரும்பவில்லை. பிள்ளையும் இல்லை. சண்டைக்கு முன்னால் அலோர் ஸ்டாரில் ஆஸ்பத்திரி ஆயாவாகத் தரை துடைக்கச் சேர்ந்து, ஒரு வெள்ளைக்கார நர்ஸின் பின்னாலேயே அலைந்து பேறு பார்க்கக் கற்றுக்கொண்டு, பரீட்சையும் எழுதித் தேறியவள். அந்தச் சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தாள். சாமி படங்கள் அதற்குக் கீழேதான். இதில் யாருக்காவது குறை இருந்தால் சாமியிடமே கேட்டுக்கொள்ளலாம்.

1946இல் அவள் தோட்டத்துக்கு வந்தபோது, வேலைக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் பிறந்த பிள்ளைகளில் நாலில் ஒன்று எட்டாம் நாள் வாய் கட்டி, முதுகு வில்லாய் வளைந்து, செத்துப்போய்க்கொண்டிருந்தது. எட்டாம் நாள் ஜன்னி என்றார்கள். காற்று கருப்பு என்றார்கள். கோழி அறுத்தார்கள். அழகம்மா மூன்று வீடுகளில் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் காரணத்தைக் கண்டுபிடித்தாள். பால்மரம் வெட்டும் கத்தியால் தொப்புள்கொடியை அறுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டிலேயே கூர்மையானது அதுதானே, நல்ல எண்ணத்தோடுதான் அறுத்தார்கள். அறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் பிச்சையம்மாள், களையெடுப்புக் கூட்டத்தில் பெரிய வாய்க்காரி. இருவருக்கும், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் நடந்த சண்டையை ஆண்கள் பீடியை அணைத்துவிட்டுப் பார்த்தார்களாம்.

அப்படிக் கத்தியால் போன பிள்ளைகளில் இராசாத்தியின் தலைப்பிள்ளையும் ஒன்று. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. புருஷன் இருளப்பன், அவள் வெட்டும் நிரைக்கு அடுத்த நிரையில் மரம் வெட்டுகிறவன், அதிகம் பேசாதவன். பிள்ளையைப் புதைத்த மறுவாரம் இராசாத்தி ஆஸ்பத்திரிக்கு வந்து அழகம்மாவின் முன்னால் நின்றாள்.

"அடுத்தது உங்க கையிலதான்க்கா. சத்தியம்" என்றாள்.

தோட்டத்தில் எல்லாருக்கும் அவள் 'மிஸி'. அக்கா என்று கூப்பிட்டது இராசாத்தி ஒருத்திதான். அழகம்மாவுக்கு அந்தச் சொல் எங்கேயோ போய்த் தைத்தது. அன்றிலிருந்து அவள் சமைத்த மீன்குழம்பில் பாதி இராசாத்தி வீட்டுக்குப் போகும். இராசாத்தியும் சும்மா இருக்கவில்லை. வயிறு தெரிகிற பெண் யாரைக் கண்டாலும் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்துவிடுவாள். இரண்டு வருஷத்தில் எட்டாம் நாள் ஜன்னி நின்றுபோனது. பேர் அழகம்மாவுக்கு, நடை இராசாத்திக்கு.

பிறகு அவசரகாலம் வந்தது. வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்துக் காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளைக் காட்டுக்காரர்கள் என்றார்கள். அவர்கள் பக்கத்துத் தோட்டத்தில் பால் நிறுக்கும் கொட்டகையை எரித்தார்கள். ஒரு கங்காணி சுடப்பட்டான். 1951இல் பாலத்துத் தோட்டத்து லயங்களை எல்லாம் ஒரே இடத்தில் கூட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்தார்கள். விடிந்ததும் வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதிப்பார்கள். அரிசி, உப்பு, மருந்து, சோறு, எதுவும் வெளியே போகக்கூடாது. காட்டுக்காரர்களைப் பட்டினி போட்டுப் பணிய வைக்கும் திட்டம். முதலில் பட்டினி கிடந்தது வேலைக்காரர்கள்தான். வெறும் கோப்பி போத்தலோடு போய், மத்தியானம் வரை ரப்பர் காட்டில் நின்று வேலை பார்த்துத் திரும்பினார்கள்.

ஆண்களைத் தடவிப் பார்க்க மாத்தாக்கள், அதாவது போலீஸ்காரர்கள், இருந்தார்கள். பெண்களை யார் பார்ப்பது? துரை அழகம்மாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் நடராஜா நடுவில் நின்று தமிழில் சொன்னார்.

"பொம்பளைங்க ஒடம்புல கை வைக்கிற உரிமை ஒங்களுக்குத்தான் இருக்காம், மிஸி. வெளியாளு வந்தா அவுங்களுக்குக் கூச்சம்லா. தொரை சொல்றாரு, நீங்க கேட்டீங்களே தனியா ஒரு பேறுகால ரூமு, ரெண்டு கட்டிலு, தண்ணிக் குழாயி... அதையும் இந்த வருசமே கட்டித் தர்றாராம்."

அந்த அறையை அவள் ஐந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மருந்து அலமாரிக்கும் காய்ச்சல்காரர்களுக்கும் நடுவே ஒரு துணியைத் தொங்கவிட்டுத்தான் இத்தனை நாளும் பேறு பார்த்தாள். முன்பின் தெரியாத ஒருத்தி தடவுவதைவிடத் தன் கை மேல் என்றும் நினைத்தாள். ஒத்துக்கொண்டாள். அந்த இடத்தில் நானோ நீங்களோ இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். அதனால் அது சரியாகிவிடாது.

கேட்டுக்குப் பக்கத்தில் சாக்குத் தட்டி கட்டி ஒரு மறைப்பு வைத்தார்கள். ஒவ்வொருத்தியாக உள்ளே வந்து இரண்டு கையையும் தூக்கி நிற்க வேண்டும். அழகம்மா தோளிலிருந்து கீழே தடவிக்கொண்டு வருவாள். முதல் வாரம் பெண்கள் கூச்சத்தில் சிரித்தார்கள். அடுத்த வாரம் சிரிக்கவில்லை. அவள் மட்டும் எப்போதும்போல, "பால் கட்டியிருக்கு, ஒத்தடம் குடு", "முட்டி வீங்கியிருக்கு, சாயந்தரம் வா" என்று காதோடு சொல்லி அனுப்புவாள். பாம்பும் சாகாமல் தடியும் முறியாமல் நடத்திவிடலாம் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

அந்த வருஷக் கடைசியில் இராசாத்தி உண்டானாள். நாலு வருஷம் காத்திருந்து வந்த வயிறு. சோதனை வரிசையிலேயே, "தங்கிருச்சுக்கா" என்று சொல்லிச் சிரித்தாள். அழகம்மா தூக்கியிருந்த அவள் கைகளைத் தானே இறக்கிவிட்டு அணைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் மாதத்தில் ஒருநாள், இராசாத்தியின் கைலி மடிப்பில் அழகம்மாவின் விரல் ஒரு சின்ன முடிச்சில் இடறியது. நெருடிப் பார்க்கத் தேவையே இல்லை. பச்சரிசி. மசக்கைக்காரிகள் சாம்பல் தின்பார்கள், புளி தின்பார்கள், சுவரைச் சுரண்டித் தின்பார்கள். இராசாத்திக்குப் பச்சரிசி. மரத்துக்கு மரம் நடக்கும்போது நாலு மணியை வாயில் போட்டு மென்றுகொண்டே போவதற்காக முடிந்து வைத்திருந்தாள். ஒரு பிடிகூட இருக்காது. அழகம்மாவின் விரல் அந்த முடிச்சைத் தாண்டிப் போனது. முகத்தில் எதையும் காட்டவில்லை. தான் நன்றாக ஒளித்துவிட்டதாக இராசாத்தி நினைத்துக்கொண்டாள். மறுநாளும் முடிச்சு இருந்தது. அதற்கு மறுநாளும். மூன்று வாரம் அழகம்மாவின் கை அதைத் தாண்டிக்கொண்டே இருந்தது.

நாலாவது வாரத் திங்கட்கிழமை, டவுனிலிருந்து ஒரு போலீஸ் அதிகாரி, கூடவே காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் போலீஸ். இந்த வட்டாரத்திலிருந்து காட்டுக்கு அரிசி போகிறதாம், கேட்டில் யாரோ கண்ணை மூடிக்கொள்கிறார்களாம். அந்தப் பெண் போலீஸ் சாக்குத் தட்டிக்குள் வந்து அழகம்மாவின் தோளோரம் நின்றாள். எட்டாவது ஆளாக இராசாத்தி வந்தாள். கையைத் தூக்கினாள்.

அழகம்மாவின் விரல் அன்றைக்கும் தாண்டியிருக்கும். ஆனால் மறுபடி தடவச் சொன்னால்? இந்தப் பெண் தன் கையாலேயே தடவிவிட்டால்? விட்டவள் யார் என்று கேட்பார்களே. இதெல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் அவள் மனதில் ஓடியது. முடிச்சை அவிழ்த்து எடுத்து மேசை மேல் வைத்தாள்.

ஆபீசில் விசாரித்தார்கள். இராசாத்தி பயப்படவே இல்லை. "மசக்கைங்கய்யா. அரிசி மெல்லாட்டி வாந்தி வருது. வேணும்னா மிஸியக் கேளுங்க, அவுங்களுக்குத் தெரியும்" என்றாள்.

எல்லாரும் அழகம்மாவைப் பார்த்தார்கள். நடராஜா கேள்வியைத் தமிழில் சொன்னார். கர்ப்பிணிகள் இப்படித் தின்பதுண்டா? இவள் இதற்கு முன்னால் அரிசி கொண்டுபோனது தெரியுமா?

ஜன்னலுக்கு வெளியே புது அறைக்குத் தகரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னைக்குத்தான் கையில பட்டுச்சு. இதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாது" என்றாள் அழகம்மா. அதோடு நிறுத்தியிருக்கலாம். "மசக்கை நாலு மாசத்தோட நின்னுரும்னுதான் பொஸ்தகத்துல இருக்கு. இது ஆறாம் மாசம்."

பொய் ஒரு வரி, மெய் ஒரு வரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. இராசாத்தி அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. காதில் விழுந்தது சரிதானா என்று கேட்கிற பார்வை.

ஒன்பது நாள் டவுன் லாக்கப்பில் வைத்திருந்தார்கள். காட்டில் யாருக்குக் கொடுத்தாய் என்று அதே கேள்வி, ஒன்பது நாளும். கடைசியில் இரண்டு விரல் அளவு அரிசியால் ஒரு படையை வளர்க்க முடியாது என்று யாருக்கோ புத்தி வந்து விட்டுவிட்டார்கள். வெறும் சிமெண்டுத் தரையில் படுத்து, கால் வீங்கி வந்தாள்.

வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று பெண்கள் சொன்னார்கள். அழகம்மாவின் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். புது அறை திறந்தது. பச்சை வர்ணம், இரண்டு இரும்புக் கட்டில், திறந்தால் தண்ணீர் கொட்டுகிற குழாய். யாரும் வரவில்லை. மறுபடியும் லயத்திலேயே பிள்ளை பெற்றார்கள், பிச்சையம்மாளைக் கூப்பிட்டார்கள். கத்தியை மட்டும் வெந்நீரில் போட்டு எடுத்தார்களாம். அந்த அளவுக்காவது அழகம்மா சொன்னது நின்றது.

சோதனை மட்டும் தினமும் நடந்தது. இராசாத்தி தினமும் வந்து கையைத் தூக்கினாள். ஒன்பதாம் மாதம் பிறந்தபோது அழகம்மாவின் கை அவள் விலா எலும்புக்குக் கீழே நின்றுவிட்டது. உருண்டையாக, கெட்டியாக ஒன்று அங்கே இருந்தது. பிள்ளையின் தலை. கீழே இருக்க வேண்டியது மேலே இருந்தது.

"இராசாத்தி, புள்ள திரும்பல. காலு மொதல்ல வரும். லயத்துல வேணாம்டி. என்கிட்ட வர வேணாம், டவுனு ஆஸ்பத்திரிக்காவது போயிரு. நான் லாரிக்கு எழுதிக் குடுக்கிறேன்."

இராசாத்தி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சோதன முடிஞ்சிருச்சுங்களா, மிஸி? போகலாமா?"

மிஸி என்றாள்.

மாலையில் பால் நிறுக்கும் கொட்டகையில் இருளப்பனைப் பிடித்துச் சொன்னாள். அவன் பால் வாளியைக் கீழே வைக்கக்கூட இல்லை. "ஒங்க கைக்கு வேற என்ன தெரியும், மிஸி? அரிசிதானே தெரியும்" என்றான். அதிகம் பேசாதவன் பேசியது. அவள் அங்கேயே நின்றாள். பிள்ளை தலைமாறி இருப்பது உலகத்தில் அவள் ஒருத்தியின் கைக்குத்தான் தெரியும். அந்தக் கை சொன்னால் நம்ப ஆள் இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி வெயிலில் பிச்சையம்மாள் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். முழங்கை வரை ரத்தம்.

"மிஸி, காலு ரெண்டும் வந்திருச்சு, ஒடம்பும் வந்திருச்சு. தல வரல. இழுத்துப் பாத்துட்டேன். எனக்குக் கையி ஓடல. வாங்க, வந்துருங்க."

அழகம்மா பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். வாசலில் இருளப்பன் நின்றான்.

"அவ வேணாங்கிறா."

"அவ சொல்லட்டும்டா. நீ என்ன சொல்றே?"

அவன் ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்தான். விலகி நின்றான்.

உள்ளே இராசாத்தி கண்ணை மூடிக் கிடந்தாள். நினைவு போய் வந்துகொண்டிருந்தது. அழகம்மா குனிந்து வயிற்றின்மேல் கை வைத்தாள். அந்தக் கை பட்டதும், இராசாத்தி கண்ணைத் திறக்காமலே இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

பிச்சையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழகம்மாவுக்கு ஓவென்று அழவேண்டும் போலிருந்தது. அழுவதற்கு நேரம் இல்லை. விரலை உள்ளே விட்டுப் பிள்ளையின் தாடையைத் தாழ்த்தி, பிச்சையம்மாளை மேலேயிருந்து அழுத்தச் சொல்லி, அலோர் ஸ்டாரில் கற்றுக்கொண்டபடியே தலையை எடுத்தாள். ஆண் பிள்ளை. நீலம் பாய்ந்திருந்தது. வாயில் வாய் வைத்து ஊதினாள். மூச்சு வரவே இல்லை. அரை மணிக்கு முன்னால் கூப்பிட்டிருந்தால் வந்திருக்கும். அதை அவள் அங்கே சொல்லவில்லை.

அதற்குள் ரத்தம் பாயை நனைத்து, பலகைத் தரைக்குக் கீழே சொட்டத் தொடங்கியது. ஊசி போட்டு, வயிற்றைப் பிசைந்துகொண்டே லாரியில் ஏறினாள். டவுன் வரைக்கும் கையை எடுக்கவில்லை. சேலை கழுத்திலிருந்து கரை வரை சிவந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் உயிரைக் காப்பாற்றினார். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அழகம்மா பஸ் ஏறிப் பார்க்கப் போனாள். இராசாத்தி சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அழகம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கடைசியில் இராசாத்திதான் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கணும்க்கா."

அக்கா. நாலு மாதம் கழித்து வந்த சொல்.

"அன்னைக்கு ஆபீசுல சொன்னீங்களே... நெசமாவே ஒங்களுக்குத் தெரியாதா? நான் அரிசி முடிஞ்சிக்கிட்டுப் போறது?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். தெரியும்டி, மூணு வாரமாத் தெரியும், பயந்துட்டேன். நாலு வார்த்தைதான். ஆனால் அந்த 'அக்கா' இப்போதுதான் வந்திருந்தது.

"தெரியாது, இராசாத்தி" என்றாள்.

இராசாத்தி நீளமாக மூச்சு விட்டாள். "நானும் அப்புறம் அப்படித்தான் நெனச்சேன். தெரிஞ்சிருந்தா விட்டிருப்பீங்க. எடுத்து வச்சிருக்க மாட்டீங்க. நான்தான் வீம்பு புடிச்சேன். புள்ள திரும்பலைன்னு சொன்னீங்களே, கேட்டேனா? எம்புள்ளய நான்தான்க்கா கொன்னுட்டேன்." அழுதாள். அழகம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இல்லை, நீ இல்லை என்று சொன்னாள். யார் என்று சொல்லவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பியதும் இராசாத்தி செய்த முதல் காரியம், லயம் லயமாக ஏறி இறங்கியது. "அவுங்களுக்குத் தெரியாதாம்லா. பாவம், வீணா பழி போட்டுட்டோம். ரூமு சும்மாதானே கெடக்கு, போங்க" என்று சொல்லிச் சொல்லி, பெண்களைக் கையைப் பிடித்து மறுபடியும் அழைத்து வந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளே மன்னித்துவிட்ட பிறகு மற்றவர்களுக்கு என்ன? இரண்டு மாதத்தில் இரண்டு கட்டிலும் நிறைந்தன. ஒரு வாரம் மூன்றாமவளுக்குத் தரையில் பாய் போட வேண்டியிருந்தது. துரை பார்த்துவிட்டு நடராஜாவிடம் பாராட்டிச் சொன்னாராம். கேட்டில் சோதிக்கும் வேலையை அழகம்மா விட்டுவிட்டாள். வேறொருத்தி வந்தாள்.

இராசாத்திக்கு ஆயாக்கொட்டகையில் வேலை கிடைத்தது. தாய்மார் ரப்பர் காட்டுக்குப் போனபின் அவர்கள் பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டுப் பார்த்துக்கொள்கிற வேலை. அழகம்மா கையில் பிறக்கிற பிள்ளைகள் நாற்பதாம் நாள் இராசாத்தி கைக்கு வந்துவிடும். ஒவ்வொன்றையும் வாங்கும்போது, "அக்கா எடுத்த புள்ள, தங்கமா இருக்கும்" என்பாள். அழகம்மாவுக்கு நெஞ்சில் முள் குத்தும். ஒரு பிள்ளை பிறந்த சந்தோஷத்தையாவது அவள் அதற்குப் பிறகு முழுசாக அனுபவித்தாளா என்றால், இல்லை.

காட்டுக்காரர்கள் தொல்லை ஓய்ந்து, 1956இல் கேட்டைப் பிடுங்கினார்கள். சாக்குத் தட்டியை எரித்தார்கள். பெண்கள் தூக்குச் சட்டியில் சோறு கட்டிக்கொண்டு, சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். இனி அரிசியை விட்டதற்காக அழகம்மாவை யாரும் பிடித்துக்கொண்டு போக முடியாது. பயப்பட ஒன்றுமே மிச்சமில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு அவள் ஆயாக்கொட்டகைக்குப் போனாள்.

பதினான்கு தொட்டில்கள் ஆடிக்கொண்டிருந்தன. இராசாத்தி ஒன்றைக் காலால் ஆட்டிக்கொண்டே, மடியில் கிடந்த இன்னொன்றுக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்து பார்த்ததும் முகம் முழுக்கச் சிரித்தாள்.

"வாங்கக்கா. என்ன இந்த நேரத்துல? என்னமோ சொல்ல வந்த மாதிரி இருக்கு?"

அழகம்மா அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். இத்தனை நாள் பயந்தது போலீசுக்கு இல்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"ஒண்ணுமில்ல" என்றாள். "அந்தக் கடைசித் தொட்டில் தாழ்ந்திருக்கு பாரு. ஏத்திக் கட்டு."

இராசாத்தி எழுந்து ஏற்றிக் கட்டினாள். அழகம்மா ஆஸ்பத்திரிக்குத் திரும்பி நடந்தாள்.